ஒளியும் சூடும் குளிரும்: அளவு கற்ற மருத்துவத்தின் வரலாறு

ஒத்தடம் என்ற சொல்லை அறியாத வீடு நம்மிடையே இல்லை. கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் சிதம்பரத்திலும் லால்பேட்டையிலும், இடுப்புப் பிடித்துக்கொண்டால் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றி எடுக்கிறோம். சளி கட்டினால் நொச்சித் தழை போட்டு வேது பிடிக்கிறோம். பிறந்த குழந்தையை இளவெயிலில் காட்டுகிறோம். காய்ச்சல் ஏறினால் நெற்றியில் ஈரத்துணி இடுகிறோம். இவற்றையெல்லாம் கைவைத்தியம் என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவது நம் வழக்கம்.

ஆனால் மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவுக்குள் நுழைந்து பார்த்தால், இதே மூன்றும் அங்கே வேறு உருவில் நிற்கின்றன. உப்பு முடிச்சின் இடத்தில் மெழுகுத் தொட்டியும் டயாதெர்மி இயந்திரமும், ஈரத்துணியின் இடத்தில் ஐஸ் பையும், தோல் நோய்ப் பிரிவில் வெயிலின் இடத்தில் புற ஊதாக் கதிர் விளக்கும் இருக்கின்றன. பொருள் மாறவில்லை; ஒளியும் சூடும் குளிரும் ஆதி முதல் இருப்பவையே. எத்தனை நிமிடம், எவ்வளவு தொலைவு, எந்த உடலுக்கு ஆகும், எந்த உடலுக்கு ஆகாது என்ற கணக்குத்தான் புதிதாக வந்து சேர்ந்தது. அந்தக் கணக்கை மனிதகுலம் எவ்வாறு கற்றது என்பதை அறிந்துகொள்வது நம் வீடுகளுக்குப் பயன் தரும். ஏனெனில் கணக்கு அறியாத ஒத்தடம் இன்றும் பலர் கால்களைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறது.

முன்னோர் அறிந்தவை

கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனா எழுதிய மருத்துவப் பெருநூலான அல்கானூன், பிற்காலத்தில் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது என்பதை நாம் அறிவோம். அந்நூலில் உடல்நலம் பேணும் முறைகளைச் சொல்லும் பகுதியில், நீராடுதல், வெயிலில் உடலைக் காட்டுதல், சுடுமணலில் புதைந்திருத்தல், எண்ணெயில் அமிழ்தல் ஆகியவை ஒரே வரிசையில் வைத்துப் பேசப்படுகின்றன. குளிர் வலியை மரக்கச் செய்யும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. யூனானி மருத்துவம் இன்றளவும் இம்மரபைக் காத்து வருகிறது. சூடாகவோ குளிராகவோ இடும் ஒத்தடத்துக்குத் தக்மீத் என்றும், மருந்து நீரைத் தாரையாக ஊற்றுவதற்கு நுதூல் என்றும், தேய்த்துவிடுவதற்குத் தல்க் என்றும் அதில் தனித்தனிப் பெயர்கள் உண்டு.

தமிழ் மண்ணின் சித்த மருத்துவமும் இவ்வழியிலேயே சென்றது. புற மருந்துகள் 32 என்று வகுத்த சித்தர்கள், ஒற்றடம், வேது, பற்று, தொக்கணம் ஆகியவற்றை அவ்வரிசையில் சேர்த்தனர். பாக்தாதிலும் பொதிகையிலும் மருத்துவர்கள் ஒருவரை ஒருவர் காணாமலேயே ஒரே உண்மையைத் தொட்டிருக்கிறார்கள்.

இதற்கு மிக வியப்பான சான்று வெண்புள்ளி நோயின் மருத்துவத்தில் கிடைக்கிறது. ஸ்பெயினின் மலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்க் நகரில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், ஆத்திரிலால் என்னும் செடியைப் பற்றி எழுதியுள்ளார். வட ஆப்பிரிக்காவின் பெர்பர் குலம் ஒன்று அதன் விதையை உட்கொள்ளக் கொடுத்து, வெண்மை படர்ந்த தோலை வெயிலில் காட்டச் சொல்லி, இழந்த நிறத்தை மீட்டது என்பது அவர் தரும் செய்தி. நம் நாட்டு மருத்துவத்திலோ அதே நோய்க்குக் கார்போகரிசி பயன்பட்டு வந்தது. இவை இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். ஆயினும் சோராலென் என்று இன்று அழைக்கப்படும் ஒரே இனத்து வேதிப்பொருள் இரண்டிலும் உள்ளது. தோலை ஒளிக்கு இணங்க வைப்பது அப்பொருளே.

ஒளியை அளந்தவர்கள்

வெயில் குணமாக்கும் என்று அறிந்திருந்த முன்னோர், வெயிலில் எது குணமாக்குகிறது என்பதை அறியவில்லை. 1800இல் வில்லியம் ஹெர்ஷல், கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அப்பால் வெப்பம் தரும் கதிர் உண்டென்று கண்டார். அடுத்த ஆண்டு, 1801இல், ஜெர்மானியரான ரிட்டர் ஊதாவுக்கு அப்பாலும் ஒரு கதிர் உண்டென்று கண்டார். அகச்சிவப்பும் புற ஊதாவும் இவ்வாறு ஓராண்டு இடைவெளியில் அறிமுகமாயின. சூரிய ஒளி நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை 1877இல் டௌன்ஸ், பிளண்ட் என்ற இரு ஆங்கிலேயர் சோதனையால் காட்டினர்.

இதை மருத்துவமாக்கியவர் நீல்ஸ் ஃபின்சென். டென்மார்க்குக்கு உட்பட்ட ஃபாரோ தீவுகளில் பிறந்தவர். நீங்காத நோயோடு வாழ்ந்தவர். முகத்தை அரித்துத் தின்னும் தோல் காசநோய்க்கு அவர் கார்பன் விளக்கின் ஒளியைக் குவித்துச் செலுத்தினார். அந்த ஒளியோடு வரும் வெப்பம் தோலைச் சுட்டுவிடும் என்பதால், ஒளி செல்லும் வழியில் குளிர்ந்த நீரை வைத்து வெப்பத்தை வடிகட்டினார். ஒளியையும் சூட்டையும் பிரித்து, வேண்டியதை மட்டும் நோயாளிக்குக் கொடுத்ததே அவருடைய சாதனை. 1903இல் நோபல் பரிசு பெற்ற ஃபின்சென், அடுத்த ஆண்டே 43 வயதில் மறைந்தார்.

அதே 1903இல் சுவிட்சர்லாந்தின் லேசான் என்னும் மலையூரில் ரோலியே என்ற மருத்துவர், எலும்பிலும் மூட்டிலும் காசநோய் கண்டவர்களுக்கு வெயில் மருத்துவம் தொடங்கினார். அவர் யாரையும் முதல் நாளே முழுவெயிலில் கிடத்தவில்லை. முதலில் பாதங்கள் மட்டும், அதுவும் ஐந்து நிமிடம். பிறகு நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, கால், தொடை, வயிறு என மேலேறினார். இந்தப் பொறுமையான ஏணிப்படிதான் வெயிலை மருந்தாக்கியது.

1919இல் பெர்லின் நகரில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், போருக்குப் பின் பசியில் வாடிய குழந்தைகளின் வளைந்த எலும்புகளைக் குவார்ட்ஸ் பாதரச விளக்கின் புற ஊதாக் கதிரால் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் கதிர் பட்டபோது மற்றக் கையின் எலும்பும் தேறியது. தோலில் உருவாகும் ஏதோ ஒன்று இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்கிறது என்பதை அது உணர்த்தியது. அதுவே வைட்டமின் டி என்று பின்னர் தெளிவாயிற்று.

இந்த அலை நம் நாட்டையும் தொட்டது. இங்கிலாந்தில் திறந்தவெளிச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற தமிழர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தை நிறுவினார். இங்கிலாந்தில் கணிதமேதை இராமானுஜனும் சில காலம் அவரிடம் சிகிச்சை பெற்றவர். குஜராத்தின் ஜாம்நகரில், கிரிக்கெட் வீரராக நாம் அறிந்த மன்னர் ரஞ்சித்சிங், பிரெஞ்சு மருத்துவர் சைட்மனின் துணையோடு 1930களின் தொடக்கத்தில் ஓர் ஒளி மருத்துவ நிலையம் எழுப்பினார். நாள் முழுதும் சூரியனைப் பின்தொடர்ந்து சுழலும் மேடை கொண்ட கட்டடம் அது.

ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததும் இந்த வெயில் மாளிகைகள் வெறுமையாயின. படுக்கைப் புண்களை ஆற்ற இயன்முறை மருத்துவர்கள் பயன்படுத்திய புற ஊதா விளக்குகளும் மெல்ல மறைந்தன. அவை திரும்பி வந்தது தோல் மருத்துவத்தின் வழியே. 1940களின் பிற்பகுதியில் கெய்ரோவில் அப்துல் முன்இம் அல்முஃப்தி, ஆத்திரிலால் செடியிலிருந்து எகிப்திய வேதியியலர் பிரித்தெடுத்த தூய பொருளைக் கொண்டு வெண்புள்ளிக்குச் சிகிச்சை அளித்து, 1948இல் முடிவுகளை வெளியிட்டார். இப்னுல் பைத்தார் எழுதி வைத்த செய்தி ஏழு நூற்றாண்டுகள் கடந்து ஆய்வுக்கூடத்தில் உறுதிபெற்றது. 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் அதையே புற ஊதா ஏ கதிரோடு இணைத்துச் சொரியாசிஸ் நோய்க்குப் பயன்படுத்தினர். இன்று 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய குறுகிய புற ஊதா பி கதிர், மாத்திரை இல்லாமலேயே இரு நோய்களுக்கும் தரப்படுகிறது.

வெண்புள்ளி தொற்றுவதில்லை, தொழுநோயோடு அதற்கு எந்த உறவும் இல்லை. வெண்குஷ்டம் என்ற பழைய பெயர் செய்த தீங்கு பெரிது. அப்பெயருக்கு அஞ்சிப் பெண்பிள்ளைகளை மறைத்து வைக்கும் வீடுகள், மருத்துவத்துக்குரிய காலத்தையும் சேர்த்தே இழந்துவிடுகின்றன.

முற்றம் இழந்த வீடுகள்

ஒளியின் வரலாற்றில் நம் குடும்பங்கள் நின்று கவனிக்க வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. 1920களில் ஸ்ரீநகரில் பணியாற்றிய மருத்துவர் கேத்லீன் வாகன், வெளிச்சம் புகாத வீடுகளுக்குள் அடைபட்டு வாழ்ந்த பெண்களிடம் எலும்பு மெலிந்து இடுப்பெலும்பு குறுகி, பேறுகாலம் உயிருக்கே ஆபத்தாவதைக் கண்டார். திறந்தவெளியில் உழைத்த படகுக்காரப் பெண்களிடம் அந்நோய் காணப்படவில்லை. இரு சாராரும் வாழ்ந்தது ஒரே ஊரில்தான், வேறுபட்டது வெயில்.

இதைப் படித்து எவரும் பெண்களின் ஆடையைக் குறைகூறத் தேவையில்லை. நம் முன்னோர் கட்டிய வீடுகளில் முற்றம் இருந்தது. தானியம் காயவைக்கவும், தலை உலர்த்தவும், குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கவும் பெண்கள் அங்கே அமர்ந்தனர். அந்நியர் பார்வை படாமல், கையும் காலும் முகமும் வெயில் பெற்றன. இன்று முற்றத்துக்குக் கூரை போட்டாயிற்று. அடுக்குமாடியில் முற்றமே இல்லை. சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதும் என்று கருதுவோரும் உண்டு. வைட்டமின் டி உருவாகக் காரணமான புற ஊதா பி கதிர் கண்ணாடியைக் கடந்து வருவதில்லை. கடலூரும் சிதம்பரமும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 பாகை வடக்கில், ஆண்டு முழுதும் வெயில் குறையாத கரையில் இருக்கின்றன. இத்தகைய மண்ணில் வாழ்ந்துகொண்டு எலும்பு வலிக்கு மாத்திரையை மட்டும் நம்பியிருப்பது வருந்தத்தக்கது. மொட்டை மாடியில் மறைப்புக் கட்டிய ஒரு மூலை, இழந்த முற்றத்தை ஓரளவு மீட்டுத் தரும்.

சூடும் அதன் பின் வரும் அசைவும்

சூட்டின் வரலாற்றைப் போர்க்களம் எழுதியது. முதல் உலகப்போரில் காயமுற்று மூட்டுகள் இறுகிப்போன படைவீரர்களுக்குப் பிரான்சில் உருகிய மெழுகுச் சிகிச்சை தரப்பட்டது. இன்றைய மெழுகுத் தொட்டியின் முன்னோடி அதுவே. கொதிக்கும் நீர் சுட்டுவிடும். 50 பாகை செல்சியஸைச் சற்றே கடந்த மெழுகு சுடுவதில்லை. மெழுகு வெப்பத்தை மெதுவாகவே கைமாற்றும் என்பதுதான் காரணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான டயாதெர்மியோ, உயர் அதிர்வெண் மின்சாரத்தால் தோலுக்கு அடியிலுள்ள தசையிலேயே வெப்பத்தை உண்டாக்கியது. வெப்பம் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. இறுகிய தசையைத் தளர்த்துகிறது. மூட்டைச் சுற்றிய திசுக்களை நீட்சிக்கு இணங்க வைக்கிறது.

சூட்டுக்குப் பிறகு செய்ய வேண்டியது என்ன என்பதைக் கற்பித்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியச் செவிலியர் எலிசபெத் கென்னி. போலியோ கண்ட குழந்தைகளின் கைகால்களை அசையாமல் கட்டிவைப்பதே அன்றைய மருத்துவம். கென்னி கம்பளித் துண்டுகளை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து தசைகளில் சுற்றினார்; வலி தணிந்ததும் கட்டாமல் விட்டு, உறுப்புகளை அசைக்கப் பயிற்றுவித்தார். நோயைப் பற்றி அவர் தந்த விளக்கம் பிழையானது என்று மருத்துவர்கள் பின்னர் காட்டினர். ஆயினும் அவர் வழியில் நடந்த குழந்தைகள் பயன்பெற்றதால், 1940களில் அமெரிக்காவும் அவர் முறையை ஏற்றது.

நம் நாட்டிலும் இயன்முறை மருத்துவக் கல்விக்கு வழி திறந்தது போலியோவே. பம்பாயில் நோய் பரவியதை அடுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1953இல் கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இரு கால்களின் செயலையும் இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே நியூயார்க் சென்று உடல் மீட்பு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறையை வேலூரில் வளர்த்தார். அங்கு 1966இல் எழுந்த மறுவாழ்வு நிலையம் நாட்டுக்கே முன்னோடியாயிற்று. நம் பகுதிக்கு அந்த வசதி அண்மையில் வந்தது, 1985இல் அண்ணாமலை நகரில் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகே. பின்னர் அரசின் பொறுப்பில் வந்த அக்கல்லூரி, இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாகத் திகழ்கிறது.

கென்னியின் பாடத்தை நம்மில் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறோம். தோள் இறுகிய உம்மம்மாவை அழைத்துச் சென்று, இயந்திரத்தில் 15 நிமிடம் சூடு வைத்து, வலி குறைந்ததும் வீடு திரும்பி, சொல்லிக் கொடுத்த பயிற்சியை மறந்துவிடுகிறோம். சூடு மூட்டை இளக வைப்பதோடு சரி. இளகிய நேரத்தில் அசைக்காவிட்டால் அது மீண்டும் இறுகும். செலவு மட்டுமே மிஞ்சும்.

குளிரின் வருகை

காய்ச்சலை நீரால் தணிக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளது. 1192இல் பாலஸ்தீனத்தில் காய்ச்சலில் கிடந்த எதிரி மன்னர் ரிச்சர்டுக்குச் சுல்தான் சலாஹுத்தீன் பழங்களும் மலைப்பனியும் அனுப்பியதை அக்கால வரலாற்றாசிரியர் பதிந்துள்ளனர். மலையுள்ள நாடுகளுக்குப் பனி கிடைத்தது. நம் கடற்கரைக்கோ மண்பானை நீரே எட்டிய எல்லை.

1833இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஏரிப் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார் ஃபிரடெரிக் டியூடர் என்ற வணிகர். சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென எழுந்த கிடங்கே, ஐஸ் ஹவுஸ் என்று அப்பகுதிக்குப் பெயர் தந்தது. இன்று கடலூர் துறைமுகத்தில் மீனுக்காகப் பாளம் பாளமாக உடைபடும் ஐஸ், அன்று பெருஞ்செல்வரின் பொருள்.

சுளுக்குக்கு ஐஸ் வைக்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்க விளையாட்டு மருத்துவர் கேப் மிர்கின். ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் அவர் ஒரு சூத்திரமாகத் தந்தார். பல பத்தாண்டுகள் கழித்து, வீக்கம் என்பது உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வழி என்றும், நெடுநேரக் குளிர் அதைத் தாமதப்படுத்தக்கூடும் என்றும் அவரே திருத்திச் சொன்னார். குளிர் வலியைத் தணிக்கும். அடிபட்ட முதல் சில மணி நேரங்களில், துணி சுற்றி, பத்து நிமிட அளவில் வைத்தால் போதும்.

நம் வீட்டுக்குரிய கணக்கு

இவ்வளவு நீண்ட வரலாறு நமக்குச் சொல்வது என்ன? ஃபின்சென் வெப்பத்தை வடித்தெடுத்தார். ரோலியே ஐந்து நிமிடத்தில் தொடங்கினார். மிர்கின் தம் சூத்திரத்தையே குறைத்தார். ஒவ்வொருவரும் மருந்தோடு அதன் எல்லையையும் தேடியிருக்கிறார்கள். அந்த எல்லையை மறக்கும் இடம் பெரும்பாலும் நம் வீடுதான்.

நீரிழிவு நோய் முற்றிய வாப்பாவின் பாதத்துக்குச் சூடு தெரியாது. எரிகிறது, மரத்திருக்கிறது என்று அவர் சொல்வதைக் கேட்டு அன்போடு வெந்நீரில் கால் வைக்கச் செய்கிறோம். தோல் கொப்புளித்த பிறகும் அவருக்கு வலிப்பதில்லை. அந்தப் புண் ஆறாமல் விரலையும் காலையும் இழந்தோர் உண்டு. 45 பாகை சூடுகூட நெடுநேரம் ஒரே இடத்தில் பட்டால் தோலைப் புண்ணாக்கப் போதுமானது. பக்கவாதத்தில் உணர்விழந்த கைக்கும் இதே ஆபத்து உண்டு. மரத்த பாதத்துக்குச் சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவரும், அறுவையில் உலோகத் தகடு வைத்தவரும் டயாதெர்மிக்கு முன் அதைச் சொல்லியாக வேண்டும். புற ஊதா விளக்கைக் கண்காப்பு இன்றி, மருத்துவர் அளவு குறிக்காமல் பயன்படுத்துவது கண்ணையும் தோலையும் கெடுக்கும். மிகுந்தால் தோல் புற்றுக்கும் வழிவகுக்கும்.

எனவே எந்தச் சிகிச்சைக்குச் சென்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். எத்தனை நிமிடம்? இவருக்கு இது ஆகாது என்பதற்குக் காரணம் ஏதும் உண்டா? இதற்குப் பின் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி என்ன? நடந்து மருத்துவமனை செல்ல இயலாதோருக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரே வீடு தேடி வரும் ஏற்பாடு உள்ளது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வைப்பது குடும்பத்தாரின் பொறுப்பு. ஜமாஅத்தில் படுக்கையில் இருப்போரின் பட்டியல் ஒன்று இருந்தால், கேட்க ஆளில்லாத முதியோரும் விடுபட மாட்டார்கள்.

பள்ளிவாசல்களில் நாற்காலிகளின் வரிசை ஆண்டுக்காண்டு நீள்கிறது. இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதில் குறை இல்லை. ஆயினும் தாமே எழுந்து ஒளூ செய்யவும், நின்று தொழவும், சுஜூதில் நெற்றி வைக்கவும் ஏங்குகிற முதியோர் நம்மிடையே நிறையப் பேர். உரிய காலத்தில் அளவறிந்த சூடும், அதைத் தொடர்ந்த அன்றாடப் பயிற்சியும் கிடைத்தால், அவர்களில் சிலரேனும் இன்ஷா அல்லாஹ் நாற்காலியை விட்டு மீண்டும் தரைவிரிப்புக்கு வருவார்கள்.